வால்வு ஆம்ப்ளிபயர்: திருவிழா மேடையிலிருந்து பேஸ் கிட்டார் வரை

மைக்கிலோ கிட்டாரிலோ இசைத்தட்டு ஊசியிலோ பிறக்கும் மிகச் சிறிய மின்னலையைக் கண்ணாடி வால்வுகளின் உதவியால் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி வால்வு ஆம்ப்ளிபயர். தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக் காலம் கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, கல்யாணம், டாக்கீஸ் எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தது இதுதான். அதே காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பேஸ் கிட்டாரின் துணைக்கருவியாக வளர்ந்தது. இன்று பேஸ் கிட்டாருக்காகப் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் தேடுகிறவர் கையில் கிடைப்பது இவ்விரண்டில் ஒன்று: இங்கே மைக் செட்டுக்காகச் செய்யப்பட்டது, அல்லது அங்கே கிட்டாருக்காகவே செய்யப்பட்டு இங்கு வந்து சேர்ந்தது. எந்த வேலைக்காகச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அதில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது அமைகிறது. ஆகவே இக்கருவியின் வரலாறு பழுதுபார்ப்பவருக்கு முதல் பாடம்.

வால்வும் ஒலிபெருக்கியும்

1904இல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது அதன் வேலை. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அவ்விரண்டு முனைகளுக்கு நடுவே கம்பி வலை ஒன்றைச் சேர்த்தார். அந்த வலைக்குக் கொடுக்கும் சிறிய மின்னழுத்தம், வால்வு வழியே பாயும் பெரிய மின்னோட்டத்தைத் தண்ணீர்க் குழாயின் திருகு போலக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. சிறிய அலையைப் பெரிய அலையாக்கும் வழி இப்படித்தான் திறந்தது.

1915இல் அமெரிக்காவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் 'மேக்னவாக்ஸ்' என்ற ஒலிபெருக்கியைச் செய்தார்கள். 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன் சான் டியேகோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் அதன் வழியே பேசினார். 1925இல் ரைசும் கெல்லாகும் வடிவமைத்த, கம்பிச் சுருள் அசைந்து காகிதக் கூம்பைத் தள்ளும் ஸ்பீக்கர் வந்தது. இன்றைய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அந்த அமைப்பின் வழிவந்தவை. 1936இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 6எல்6 வால்வை வெளியிட்டதும், சிறிய பெட்டிக்குள்ளிருந்து நம்பகமாக இருபது முப்பது வாட் எடுப்பது எளிதாயிற்று. பின்னாளில் மேடை ஆம்ப்ளிபயரும் கிட்டார் ஆம்ப்ளிபயரும் இந்த வால்வையும், இதையொத்த ஐரோப்பிய வால்வான இ.எல்.34ஐயும் நம்பியே வளர்ந்தன.

சென்னைக்கு வந்த வால்வு

தமிழ்நாட்டில் வால்வை ஒலிக்காகப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அவர் முயற்சியில் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமுடையால் 1927இல் அது நின்றபோது, கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் போயின. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்ததால், வீட்டில் வானொலி இல்லாதவர்களும் பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கின.

இன்னொரு வாசல் சினிமா. 1931இல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியானபின், படம் காட்டும் ஒவ்வொரு கொட்டகைக்கும் ஆம்ப்ளிபயர் வேண்டியதாயிற்று. ஊர் ஊராகப் போன டூரிங் டாக்கீஸ்கள் ஜெனரேட்டரும் ஆம்ப்ளிபயரும் கூடவே கொண்டு போயின. 1930களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியபோது, ஒலிப்பதிவுத் தொழில் சென்னைக்கு வெளியே ஒரு மாவட்டத் தலைநகரில் வேர்விட்டது.

மூன்றாவது வாசல் அரசியல் மேடை. மோத்வானி குடும்பத்தின் 'சிகாகோ ரேடியோ' நிறுவனம் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. காந்தியும் நேருவும் பேசும் பழைய படங்கள் பலவற்றில் மைக்கின் மேல் அந்தப் பெயர் தெரிகிறது. 1940இல் டெல்லியில் தொடங்கிய 'அஹூஜா' பின்னாளில் இந்தியா முழுவதும் மைக் செட்டுக்கு மறுபெயர் ஆகும் அளவுக்குப் பரவியது. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபின், தமிழ்நாட்டில் பொதுக்கூட்டப் பேச்சே ஒரு கலையாக வளர்ந்தது. மெல்லப் பேசி, நிறுத்தி, அடுக்குமொழியில் ஏறி இறங்கும் அந்தப் பேச்சு, தொண்டை கிழியக் கத்த வேண்டிய காலத்தில் பிறந்திருக்க முடியாது. மைக்கும் ஆம்ப்ளிபயரும் அதற்கு மேடை அமைத்துக் கொடுத்தன.

மின்சாரமும் மைக் செட்டும்

1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் வரிசையாக இயங்கத் தொடங்கின. மேட்டூர் மின்சாரம் சேலம், திருச்சிப் பக்கங்களுக்குப் பாய்ந்தது. சுதந்திரத்துக்குப்பின் சென்னை மாநிலம் கிராமங்களுக்கு மின்கம்பி இழுப்பதில் நாட்டின் முன்வரிசையில் நின்றது. மின்சாரம் போன இடமெல்லாம் மைக் செட் வாடகைக்கு விடும் கடை முளைத்தது. ஒரு செட் என்றால் ஆம்ப்ளிபயர் ஒன்று, இசைத்தட்டு சுழற்றும் பெட்டி, மைக், நாலைந்து கூம்புக் குழாய், கட்டுக்கட்டாக வயர். கொங்குப் பக்கத்தில் இதையே 'ரேடியோ செட்' என்பார்கள். திருவிழாவுக்கு முந்தைய நாளே 'ரேடியோ கட்டி' விடுவார்கள்.

கூம்புக் குழாயின் சிறப்பு அதன் திறன். அதன் பின்புறத்தில் இருக்கும் டிரைவர் யூனிட்டின் சின்ன டயபிரம் எழுப்பும் ஒலியைக் குழாய் படிப்படியாக விரிந்து வெளிக்காற்றுக்குக் கடத்துகிறது. காகிதக் கூம்பு ஸ்பீக்கரைவிடப் பலமடங்கு ஒலி இதிலிருந்து வரும். ஆகவே முப்பது, ஐம்பது வாட் ஆம்ப்ளிபயரே ஊர் முழுவதற்கும் போதும். ஆனால் இந்தச் சிறப்பு பேச்சொலி எல்லைக்குள்தான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலி அதில் எழாது; வலிந்து கொடுத்தால் டயபிரம் கிழியும்.

தெருக்கோடி வரை குழாய் கட்ட நீண்ட வயர் வேண்டும்; நீண்ட வயரில் மின்னாற்றல் வீணாகும். அதற்காக 100 வோல்ட் லைன் முறை வந்தது. ஐம்பது வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் வயரில் 2.5 ஆம்பியர் ஓடும். அதையே 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் அரை ஆம்பியர் போதும். மின்னோட்டம் ஐந்தில் ஒன்றாகக் குறைவதால், வயரில் வீணாவது இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு குழாயிலும் உள்ள சிறு டிரான்ஸ்பார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும். பழைய மைக் செட் ஆம்ப்ளிபயர்களின் பின்பலகையில் 4, 8, 16 ஓம் முனைகளுக்குப் பக்கத்தில் 70, 100 வோல்ட் முனைகளும் இருப்பது இதனால்தான்.

திண்ணனூர் நாடும் மலையின் நிபந்தனைகளும்

மைக் செட் மலையூர்களுக்கும் ஏற வேண்டியிருந்தது. அத்தகைய ஊர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு, கொல்லிமலையின் ஊராட்சிகளுள் ஒன்றான திண்ணனூர் நாடு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்த இம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும்வரை இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. மலைமேல் ஊர்கள் பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளன. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மாதத்தில் வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் திரள்கிறது. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது.

இத்தகைய மலையூருக்கு ஆம்ப்ளிபயர் போக மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். முதல் தடை எடை. மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர், சோக் ஆகிய மூன்று இரும்புக் கட்டைகளே வால்வு ஆம்ப்ளிபயரின் பெரும்பாரம். வளைவுச் சாலையில் குலுங்கிப் போகும்போது வால்வின் காலும் அதன் சாக்கெட்டும் தளரும். பழைய செட்டுகளில் பெரிய வால்வுகளைக் கம்பி வளையம் போட்டுப் பிடித்திருப்பது இதற்காகவே.

இரண்டாவது மின்சாரம். மின்கம்பி எட்டாத ஊர்களுக்கென்றே பேட்டரியில் ஓடும் வால்வு ஆம்ப்ளிபயர்கள் இருந்தன. கார் பேட்டரியின் 12 வோல்ட்டை வால்வுக்கு வேண்டிய சில நூறு வோல்ட்டாக உயர்த்த 'வைப்ரேட்டர்' பயன்பட்டது. அதன் உள்ளே ஓர் எஃகுத் தகடு நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடித்து மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். வெட்டிய மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் உயர்த்தும். அறுபது வாட் இழுக்கும் செட்டுக்கு 5 ஆம்பியர் வேண்டும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி அதிகபட்சம் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். மின்கம்பி வந்தபின்னும், நீண்ட லைனின் கடைசி முனையில் இருக்கும் ஊர்களில் வோல்ட்டேஜ் இறங்கும். 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய வால்வின் சூடேற்றி இழைக்கு 5.5 கிடைத்தால், எலக்ட்ரான் வெளிப்பாடு குறைந்து ஒலி சோர்ந்துபோகும்.

மூன்றாவது ஈரம். மலைமேல் மழையும் பனியும் மாறி மாறி நிற்கும். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர் ஈரத்தை உறிஞ்சி மின்கசிவு கொடுக்கும். டிரான்ஸ்பார்மரின் காகித உறை நனைந்து உள்சுருள்களுக்குள் ஷார்ட் ஆகும். தென்னிந்தியாவின் மலையூர்களிலும் கடற்கரை ஊர்களிலும் கிடைக்கும் பழைய ஆம்ப்ளிபயரை வாங்குகிறவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது இவ்விரண்டையும்தான்.

இந்திய வால்வும் ரேடியோ மெக்கானிக்கும்

1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வால்வு உற்பத்தியைத் தொடங்கியது. 'பி.இ.எல்.' முத்திரை கொண்ட இ.எல்.84, இ.சி.சி.83 போன்றவை நாடெங்கும் ரேடியோவிலும் மைக் செட்டிலும் ஏறின. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1950களின் பிற்பகுதி முதல் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. 1991 வரை அது பெரிதாகத் தளரவில்லை. வெளிநாட்டு உதிரிபாகம் கிடைப்பது அரிது என்றானபோது, உள்ளூர் மெக்கானிக்கின் மதிப்பு உயர்ந்தது.

எரிந்த டிரான்ஸ்பார்மரைப் பிரித்து, சுற்று எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, அதே அளவு கம்பியை அதே ஸ்டாம்பிங் தகடுகளில் மறுபடி சுற்றுவது சாதாரண வேலையாக இருந்தது. மோட்டார் காயில் கட்டும் பட்டறைகள் நிறைந்த கோவை, சேலம் பக்கங்களில் இந்தக் கைத்திறன் ஏற்கெனவே ஊறியிருந்தது. 1973இல் கேரள அரசு தொடங்கிய கெல்ட்ரான் நிறுவனம் கண்டென்சர் உற்பத்தியில் இறங்கியபின், அந்தப் பாகம் பக்கத்து மாநிலத்திலிருந்தே வந்தது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ரேடியோ மெக்கானிக் படிப்பை நடத்தின. கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றவர்களும் ஏராளம். சென்னையில் ரிச்சி தெரு உதிரிபாகத்துக்கும், 1985இல் தீக்கிரையாகும்வரை மூர் மார்க்கெட் பழைய பொருளுக்கும் பெயர்பெற்றிருந்தன. நாட்டில் இல்லாத பாகத்துக்கு நாட்டிலுள்ள பாகத்தால் ஈடுசெய்த இந்தத் தலைமுறையின் அறிவு, தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் தனி அத்தியாயமாக எழுதப்பட வேண்டியது.

பேஸ் கிட்டாரின் வருகை

1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின் பேஸ் கிட்டாரை வெளியிட்டார். ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்குத் தோளில் மாட்டும் கருவி கிடைத்தது. ஆனால் அதற்கென்று தனி ஆம்ப்ளிபயர் இல்லாமல் அது பயன்படாது. 1952இல் ஃபெண்டர் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடன் 'பேஸ்மேன்' ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த, நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பேஸ்மேனைப் பார்த்துத்தான் 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை தன் முதல் ஆம்ப்ளிபயரைச் செய்தது. 1960இல் ஆம்பெக் நிறுவனத்தின் பி-15 வந்தது; ஒலிப்பதிவுக் கூடங்களில் அது நிலைத்தது. 1969இல் அதே நிறுவனம் 300 வாட் எஸ்.வி.டி.யை வெளியிட்டது. பதினான்கு வால்வுகள் கொண்ட அது, பெரிய மைதானங்களுக்குப் பேஸ் ஒலியைக் கொண்டுபோனது.

தமிழ்நாட்டில் மின் கிட்டார் முதலில் ஒலித்த இடங்களில் ஆங்கிலோ-இந்தியர்களின் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடன அரங்குகள் முக்கியமானவை. பெரம்பூரும் திருச்சிப் பொன்மலையும் அவ்வகை ஊர்கள். சினிமாவில் டபுள் பேஸ் வகித்த இடத்துக்கு மெல்ல மெல்லப் பேஸ் கிட்டார் வந்தது. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணைநிற்பதோடு நில்லாமல், தனக்கென ஒரு மெட்டையே பாடத் தொடங்கியது. அப்பாடல்களை மேடையேற்றிய மெல்லிசைக் குழுக்களுக்கும் பேஸ் கிட்டார் தேவையாயிற்று.

மேடையில் கைவசம் இருந்ததோ மைக் செட். அதில் இசைத்தட்டு ஊசிக்கான முனை கிட்டாருக்கு ஓரளவு பொருந்தியது. ஏனெனில் கிரிஸ்டல் ஊசியும் கிட்டார் பிக்கப்பும் அதிக மின்தடை கொண்ட முனையைக் கேட்பவை. மற்றபடி, பேச்சுக்குப் பிறந்த கருவியிலிருந்து தாழ்ந்த சுரம் எடுப்பது கடினம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அது கூம்புக் குழாயின் எல்லைக்கு வெகு கீழே. 1970, 80களில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களும் வந்தபோது வால்வு செட்டுகள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய ஆம்ப்ளிபயரின் விலை பெரிதும் அதன் டிரான்ஸ்பார்மர்களில் இருக்கிறது. வால்வையும் கண்டென்சரையும் மாற்றலாம். சரியான அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றுவது செலவும் நேரமும் பிடிக்கும். ஆகவே மின்சாரம் கொடுக்கும் முன்பே மல்டிமீட்டரால் அதன் சுருள்களைச் சோதிக்க வேண்டும். நடுமுனையிலிருந்து இரு வால்வுகளுக்கும் போகும் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒரே தடையைக் காட்ட வேண்டும். ஒரு பாதி திறந்திருந்தால் சுருள் அறுந்திருக்கிறது. சுருளுக்கும் சேஸிஸுக்கும் இடையே கசிவு இருக்கக் கூடாது. கருகிய வாடை, உருகி வழிந்த மெழுகு இரண்டும் கெட்ட அறிகுறி.

வால்வின் மேற்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு இருக்க வேண்டும். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு உதவாது. இரண்டு இ.எல்.84 கொண்ட ஆம்ப்ளிபயர் பன்னிரண்டு முதல் பதினைந்து வாட் கொடுக்கும். வீட்டுப் பயிற்சிக்கும் ஒலிப்பதிவுக்கும் அது போதும். இரண்டு இ.எல்.34 முப்பத்தைந்து முதல் ஐம்பது வாட் வரை போகும். டிரம்ஸோடு மேடையில் நிற்க நூறு வாட்டும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும்.

அமெரிக்க ஆம்ப்ளிபயர் என்றால் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜை இறக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், 50 ஹெர்ட்ஸில் ஆம்ப்ளிபயரின் சொந்த டிரான்ஸ்பார்மர் இரும்பு கூடுதலாகச் சூடாகும். ஆங்கிலேயத் தயாரிப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய இந்தியத் தயாரிப்புகள் பலவற்றில் 200, 220, 240 வோல்ட் எனத் தேர்வு முனைகள் உண்டு. வீட்டின் மின்னழுத்தம் எவ்வளவோ அதற்கேற்ப வைக்க வேண்டும்.

பழுதுபார்க்கும் முறை

வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 350 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். பெரியவற்றில் 700 வோல்ட்டும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பில்டர் கண்டென்சரில் அது தங்கியிருந்து உயிரைக் குடிக்கும். எனவே கை வைக்கும் முன் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, உறையிட்ட முனைகளால் பிடித்து, கண்டென்சருக்குக் குறுக்கே சில நொடிகள் வைத்து மின்னை வடிக்க வேண்டும். பிறகு மீட்டரால் அளந்து உறுதிசெய்ய வேண்டும். இந்தப் பழக்கம் கைவராதவர் திறந்த சேஸிஸைத் தொடக் கூடாது. இரண்டு முள் பிளக் இருந்தால் மூன்று முள்ளாக்கி, சேஸிஸை எர்த்தில் சேர்ப்பது அடுத்த வேலை. பழைய அமெரிக்கச் செட்டுகளில் மின்லைனிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கண்டென்சரை அப்போதே நீக்கிவிட வேண்டும். அது ஷார்ட் ஆனால் கிட்டார் தந்தியிலேயே மின்சாரம் வரும்.

முதன்முறை மின்சாரம் கொடுப்பது சீரிஸ் லாம்ப் வழியாக. ஆம்ப்ளிபயருக்குத் தொடராக ஓர் இழை பல்பைச் சேர்ப்பது நம் ரேடியோ கடைகளின் பழைய வழக்கம். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது. இந்தச் சோதனையில் ஸ்பீக்கரோ அதற்கீடான சுமை ரெசிஸ்டரோ கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். சுமையில்லாமல் அலை கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி அதன் உறையைத் துளைத்துவிடும்.

மாற்ற வேண்டிய பாகங்களில் முதலிடம் பில்டர் கண்டென்சருக்கு. அதன் உள்ளிருக்கும் திரவம் காய்ந்தால் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இரு பக்கமும் நேராக்கப்படும்போது கிடைப்பது அந்த எண். அடுத்தது இணைப்புக் கண்டென்சர். அது கசிந்தால், பவர் வால்வின் வலைக்கு நேர்மின்னழுத்தம் போய், வால்வு அளவுக்கு மீறிய மின்னை இழுத்து, அதன் தகடு சிவக்கும். இ.எல்.34இன் ஐந்தாவது காலில் மீட்டர் வைத்துப் பார்த்தால், நேர்மின்னழுத்தம் துளியும் இருக்கக் கூடாது. பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு காலப்போக்கில் ஏறும். குறித்ததைவிட இருபது சதவீதத்துக்கு மேல் போனவற்றை மாற்றலாம். நன்றாக இருப்பதை விட்டுவைப்பதும் வேலையின் ஒரு பகுதியே.

புது வால்வு போட்டால் பயாஸை, அதாவது அலை இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை, சரிசெய்ய வேண்டும். இ.எல்.34இன் தகடு தாங்கும் வெப்பம் 25 வாட். அதில் எழுபது சதவீதம் என்றால் 17.5 வாட். தகட்டில் 400 வோல்ட் இருந்தால் வால்வுக்கு 44 மில்லியாம்பியர் ஓட விடலாம். கேத்தோடில் ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மீட்டர் அதை 44 மில்லிவோல்ட்டாகக் காட்டும்.

மைக் செட் ஆம்ப்ளிபயரைப் பேஸ் கிட்டாருக்குத் திருப்புவதற்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. பேச்சுத் தெளிவுக்காகவும் குழாயின் டயபிரத்தைக் காப்பதற்காகவும் அதில் தாழ்ந்த ஒலியை வெட்டியிருப்பார்கள். 0.005 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்தால் 145 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும். கண்டென்சரை 0.022 ஆக்கினால் எல்லை 33 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அடித்தந்தி முழுதாகக் கேட்கும். இரண்டாவது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர். 150 ஹெர்ட்ஸில் இரும்புக்குள் ஓடும் காந்தப்பாய்வைப் போல 41 ஹெர்ட்ஸில் மூன்றரை மடங்குக்கு மேல் ஓட வேண்டும். பேச்சுக்காகச் சிறிதாகச் செய்த இரும்பு அதைத் தாங்காமல் நிரம்பிவிடும், ஒலி பிசிறும். இந்நிலையில் ஒலியளவைக் குறைத்து வாசிக்கலாம், அல்லது கனத்த தகடுகளில் புதிய டிரான்ஸ்பார்மர் சுற்றவைக்கலாம். கூம்புக் குழாயை விட்டு, 4 அல்லது 8 ஓம் முனையில் 12 அல்லது 15 அங்குல பேஸ் ஸ்பீக்கரை இணைக்க வேண்டும். 100 வோல்ட் முனையில் நேராக ஸ்பீக்கர் கொடுப்பது ஆம்ப்ளிபயருக்குக் கேடு.

இன்றைய நிலை

வால்வு உற்பத்தி மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1980களோடு பெரும்பாலும் முடிந்தது. இப்போது புது வால்வுகள் பெரிதும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருகின்றன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதி தடுமாறியபோது உலகச் சந்தையில் விலை ஏறியது. பயன்படுத்தாமல் பெட்டியிலேயே இருந்த பி.இ.எல். வால்வுகளை இன்று வெளிநாட்டவரும் தேடி வாங்குகிறார்கள். கூம்புக் குழாய்களுக்கோ சட்டத்தின் எல்லை வந்துவிட்டது: ஒலி மாசு விதிகள் 2000 இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன.

வால்வு கிடைத்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் கருவிகளை ஓடவைக்க முடியும். அதைவிட வேகமாகக் குறைந்து வருவது அவற்றைப் பழுதுபார்த்த கைகள். ஆகவே ஒவ்வொரு முறை சேஸிஸைத் திறக்கும்போதும் சுற்றுப்படத்தை வரைந்து, அளந்த வோல்ட்டேஜுகளையும் மாற்றிய பாகங்களையும் தேதியோடு எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைப்பது நல்ல வழக்கம். டிரான்ஸ்பார்மர் சுற்றிய கணக்குகளைப் பழைய மெக்கானிக்குகளிடமிருந்து எழுதி வாங்குவதும், தொழிற்பயிற்சி நிலையங்கள் அவற்றைப் பாடமாக வைத்துக்கொள்வதும் உடனே செய்யக்கூடியவை. அக்குறிப்புகள் இருந்தால், இந்தியாவில் செய்த ஆம்ப்ளிபயரானாலும் வெளிநாட்டிலிருந்து வந்ததானாலும், அதை அடுத்த தலைமுறையின் பேஸ் கிட்டார் கலைஞர் நம்பி வாங்கலாம்.